ஜெர்மனி செவிலியர் வேலைக்கு மூன்றரை லட்சம் கேட்கிறார்கள்: கட்டலாமா?

நெல்லைச்செவிலி

அனைவருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 25. பிடித்தம் போகக் கைக்கு வருவது 16,500 ரூபாய். கல்விக் கடன் தவணையும் விடுதி வாடகையும் கொடுத்தபின் மிஞ்சுவதை வைத்துத்தான் சாப்பாடும் மற்றதும்.

என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் ஜெர்மன் மொழி படிக்கிறார்கள். நானும் ஒரு ஏஜென்சிக்குப் போய் விசாரித்தேன். மொத்தம் மூன்றரை லட்சமாம். முதலில் 50,000 கட்டினால் ஏ1 (ஜெர்மன் மொழியின் முதல் நிலை) வகுப்பு தொடங்கும், மீதியைத் தவணையாகக் கட்டலாம். ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அசல் சான்றிதழ்களை அவர்கள் அலுவலகத்தில் 'பத்திரமாக' வைத்துக்கொள்வார்களாம். மூன்று ஆண்டுகளுக்குள் வேலையை விட்டால் 5,000 யூரோ கட்ட வேண்டும் என்று ஒரு பத்திரத்திலும் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

அம்மா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். வருகிற திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று தினமும் போன் வருகிறது. அங்கே இருப்பவர்கள் உண்மை நிலவரத்தைச் சொல்லுங்கள்.

ரைன்கரை

தங்கை, அந்த ஐம்பதாயிரத்தைக் கட்டாதீர்கள், சான்றிதழ்களையும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். மற்றதைச் சாவகாசமாகப் பேசலாம். திங்கட்கிழமைக்குள் இடம் போய்விடும் என்பது சுத்தப் பொய். இங்கே ஆளில்லாமல் வார்டுகளையே மூடி வைத்திருக்கிறார்கள். 2049க்குள் தேவைக்கும் இருப்புக்கும் இடையே குறைந்தது 2,80,000 பராமரிப்புப் பணியாளர்கள் குறைவார்கள், நிலைமை மோசமானால் 6,90,000 வரை போகும் என்று ஜெர்மன் மத்தியப் புள்ளியியல் அலுவலகமே 2024 ஜனவரியில் கணித்துச் சொன்னது.

எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். கொலோனுக்கு அருகே ஒரு மருத்துவமனையில் பணி. எனக்கு மொழி வகுப்பு, தேர்வுக் கட்டணம், ஆவண மொழிபெயர்ப்பு, விமான டிக்கெட் எல்லாவற்றையும் வேலை கொடுத்தவர்கள்தான் ஏற்றார்கள். நான் ஏதோ விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். ஆள் தேவைப்படுகிறவர்தான் செலவை ஏற்க வேண்டும், செவிலியரிடம் காசு வாங்கக் கூடாது என்பதையே நிபந்தனையாக வைத்து ஜெர்மன் அரசு 'நியாயமான ஆள்சேர்ப்பு' என்று ஒரு தரமுத்திரை தருகிறது. உங்கள் ஏஜென்சிக்கு அது இருக்கிறதா என்று கேளுங்கள். பேச்சை மாற்றுவார்கள்.

அடுத்தது, ஏஜென்சிக்காரர் வாயே திறக்காத விஷயம். நீங்கள் இங்கே வந்து இறங்கும் நாளில் நீங்கள் செவிலியர் இல்லை. உங்கள் பட்டத்தை அந்தந்த மாநிலத்து அலுவலகம் ஆராய்ந்து, எங்கே குறை என்று எழுத்துப்பூர்வமாகச் சொல்லும். அந்தக் குறையைத் தீர்க்கத் தகவமைப்புப் பயிற்சி முடிக்க வேண்டும், அல்லது வாய்மொழித் தேர்வும் நோயாளியை நேரில் பராமரித்துக் காட்டும் தேர்வும் எழுத வேண்டும். அதுவரைக்கும் உதவியாளர் பதவி, உதவியாளர் சம்பளம்.

கணக்கு இதுதான். முதியோர் பராமரிப்புத் துறையில் 2025 ஜூலை நிலவரப்படி குறைந்தபட்சக் கூலி, பயிற்சி இல்லாத உதவியாளருக்கு மணிக்கு 16.10 யூரோ, அங்கீகாரம் பெற்ற செவிலியருக்கு 20.50. முழுநேர வேலை என்றால் முன்னவருக்கு மாதம் சுமார் 2,700, பின்னவருக்குச் சுமார் 3,400. மணமாகாதவர் என்றால் வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் பிடித்து, உதவியாளர் கைக்கு 1,900க்கு அருகில் வரும். அதில் வாடகை போக வேண்டும். 'மாதம் மூன்று லட்சம் சம்பளம்' என்று சுவரொட்டியில் போடுகிறார்களே, அது அங்கீகாரம் கிடைத்த பிறகு வருகிற தொகை, அதுவும் பிடித்தத்துக்கு முந்தையது.

பொதுச்சொத்து

மன்னிக்க வேண்டும், எல்லோரும் எப்படிப் போவது என்றே பேசுகிறீர்கள். போகலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஆயிரம் பேருக்கு மூன்று செவிலியராவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலாக இங்கே சொல்லப்படுவது. இந்தியாவில் அந்த அளவை நாம் எட்டவில்லை. நம் மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டு, ஐரோப்பியக் கிழவர்களுக்குப் பணிவிடை செய்யப் போவது எந்த நியாயம்?

நெல்லைச்செவிலி

ஐயா, என் படிப்பில் உங்கள் வரிப்பணம் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். தனியார் கல்லூரி. கட்டணத்துக்கு வங்கிக் கடன். வட்டியோடு நான்தான் கட்டுகிறேன். பணி அனுபவம் வேண்டும் என்பதற்காக முதல் ஆறு மாதம் 9,000 ரூபாய்க்கு இரவுப் பணி செய்தேன். ஒரு செவிலியருக்கு நான்கு வென்டிலேட்டர் நோயாளிகள். இங்கே ஆள் குறைவு என்று வருத்தப்படுகிறவர்கள் ஏன் ஆள் எடுப்பதில்லை?

கோட்டைவாசல்

பொதுச்சொத்து அவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன். அரசு மருத்துவமனைச் செவிலியன், சங்கத்தில் இருக்கிறேன், வெளிநாடு போகும் எண்ணம் கிடையாது. அதனால் சார்பு என்று தள்ள முடியாது.

2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கில் செவிலியரை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் சுகாதாரத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் 14,000 ஆனது. பிறகு 18,000. நிரந்தரத்துக்கு இன்னமும் காத்திருப்பவர்கள் உண்டு. கொரோனா காலத்தில் அவசரமாகக் கூப்பிட்டு, பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து நனைய வேலை வாங்கிவிட்டு, 2022 டிசம்பர் 31உடன் ஒப்பந்தம் முடிந்தது என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியே அனுப்பினார்கள். கை தட்டியதும் விளக்கேற்றியதும் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

தனியார் துறையைப் பற்றியும் சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைவான சின்ன மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளம் என்று அந்தக் குழு பரிந்துரை செய்தது. நெல்லைச்செவிலி 2016இன் அந்தக் குறைந்தபட்சத்தைக்கூட இன்றைக்கு வாங்கவில்லை.

ஆக, இங்கே செவிலியர் பற்றாக்குறை என்று ஒன்று கிடையாது. வேலையில்லாத செவிலியரும் இருக்கிறார்கள், ஆளில்லாத வார்டும் இருக்கிறது. நடுவில் சம்பளம் கொடுக்க மனமில்லாத ஒரு நிர்வாகம் இருக்கிறது. அதைக் கேட்காமல் இந்தப் பெண்ணிடம் வந்து தேசபக்தி கேட்பது என்ன நியாயம்?

பொதுச்சொத்து

சம்பளப் பிரச்சினையை நான் மறுக்கவில்லை. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் பழகிய கை போனால், அந்த இடத்துக்கு நேற்று படித்து முடித்த பெண் வருகிறாள். அனுபவசாலிகள் எல்லோரும் போய்க்கொண்டே இருந்தால் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது யார்? இதற்கு எந்தப் பக்கமும் பதில் இல்லை.

கோட்டைவாசல்

அந்தக் கேள்வி சரியான கேள்விதான். ஜெர்மனிதான் அதற்கு ஏதாவது செய்ய வேண்டும். எங்கள் கல்லூரிகளில் முதலீடு செய்யட்டும், பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுக்கட்டும். ஆயத்தமான ஆளை மட்டும் அள்ளிக்கொண்டு போவதை நானும் ஏற்கவில்லை.

பழையஏஜென்ட்

இந்தத் தொழிலில் சில காலம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். பெயர் சொல்ல மாட்டேன்.

பணம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மன் மருத்துவமனையோ முதியோர் இல்லமோ, ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று ஏஜென்சிக்குக் கொடுக்கிறது. அது ஆயிரக்கணக்கான யூரோ. அந்தத் தொகைக்குள்ளேயே மொழி வகுப்பு, மொழிபெயர்ப்பு, டிக்கெட் எல்லாம் அடக்கம். பிறகு உங்களிடம் வாங்கும் மூன்றரை லட்சம் எதற்கு? ஒரே பொருளை இரண்டு பக்கமும் விற்பது, அவ்வளவுதான்.

இந்தியச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை தேடுபவரிடம் வாங்கும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். இது எல்லா ஏஜென்டுக்கும் தெரியும். அதனால்தான் ரசீதில் 'ஆள்சேர்ப்பு' என்று எழுத மாட்டார்கள். 'மொழிப் பயிற்சிக் கட்டணம்', 'ஆவணத் தயாரிப்புக் கட்டணம்', 'ஆலோசனைக் கட்டணம்' என்று உடைத்து உடைத்து எழுதுவார்கள். நாளைக்கு நீங்கள் புகார் கொடுத்தால், நாங்கள் பயிற்சி நிலையம் மட்டும்தான் என்பார்கள். பாதி இடங்களில் ரசீதே கிடையாது.

மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்சிகளின் பட்டியல் இருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்டு அங்கே சரிபாருங்கள். பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விட்டுவிடுங்கள், அது இன்னொருவரின் எண்.

அசல் சான்றிதழ் விஷயம். பத்திரமாக வைக்கிறோம் என்பதெல்லாம் சும்மா. நடுவில் நீங்கள் வேறு இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்குத்தான் அது. சான்றளித்த நகலும் மொழிபெயர்ப்பும் போதும். அசலைச் சரிபார்க்க வேண்டிய இடத்தில் நீங்களே கொண்டுபோய்க் காட்டலாம். சான்றிதழைத் திரும்பக் கேட்டு வந்த பெண்கள் எங்கள் அலுவலகப் படிக்கட்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மேலாளர் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்.

ஜெர்மன்வாத்தியார்

கோயம்புத்தூரில் மொழி கற்பிக்கிறேன். மொழி பற்றி மட்டும் சொல்கிறேன்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படித்தால் தொடக்க நிலையான ஏ1இலிருந்து, ஏ2, பி1 தாண்டி, நான்காம் நிலையான பி2 வரை ஏறத்தாழ ஓர் ஆண்டு. இரவுப் பணி முடித்துவிட்டு வந்து படித்தால் கூடுதலாகும். 'ஆறே மாதத்தில் பி2' என்று விளம்பரம் செய்பவர்கள் தேர்வுக்கான வினாத்தாள்களை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அப்படித் தேறியவர்கள் அங்கே போய் வாயைத் திறக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

கோத்தே நிறுவனத் தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். பி1, பி2 நிலைகளில் ஒரு பகுதியில் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். நம் பிள்ளைகள் வாசிப்பதிலும் எழுதுவதிலும் எளிதாகத் தேறிவிடுகிறார்கள். கேட்டலில்தான் விழுகிறார்கள். வகுப்பில் ஆசிரியர் நிதானமாகப் பேசுவதைக் கேட்டுப் பழகிய காது, வேகமாகப் பேசினால் தடுமாறுகிறது. வானொலிச் செய்தியைத் தினமும் கேளுங்கள், புரியாவிட்டாலும் கேளுங்கள்.

இன்னொன்று, காசு கொடுத்தால் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். விசா அலுவலகத்தில் அது பிடிபட்டால் அந்த நாட்டின் கதவே மூடிவிடும்.

ரைன்கரை

வாத்தியார் சொன்னது நூற்றுக்கு நூறு. பி2 வாங்கிக்கொண்டுதான் வந்தேன். முதல் வாரம் வார்டில் தொலைபேசி மணி அடித்தாலே கழிவறைப் பக்கம் போய்விடுவேன். எதிரில் நின்று பேசினால் முகத்தைப் பார்த்தாவது புரிந்துகொள்ளலாம். போனில் ஒரு நோயாளியின் மகள் கொலோன் வட்டார வழக்கில், கோபமாக, அப்பாவுக்கு ஏன் மாத்திரை மாற்றினீர்கள் என்று கேட்டால் என்ன செய்வது?

வேலை எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு இரவுப் பணியாளரிடமிருந்து பொறுப்பேற்போம். ஆறரைக்கு முதல் அறை. பேசினில் வெந்நீர், முகத்துக்கு ஒரு துணி, கீழுடம்புக்கு வேறொரு துணி. உடம்பு துடைத்து, முதுகில் புண் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, பல்செட்டைக் கழுவி மாட்டி, கால் வீங்கும் என்பதால் கட்டிலிலிருந்து இறங்கும் முன்பே இறுக்கமான அழுத்தக் காலுறையை மாட்டிவிட வேண்டும். அந்தக் காலுறை மாட்டுவதற்குள் விரல் நுனி கன்றிவிடும். பிறகு காலை உணவு ஊட்டுவது. பிறகு செய்ததை எல்லாம் கணினியில் எழுதுவது.

நம் ஊரில் இதெல்லாம் உதவியாளரும் கூட இருக்கும் உறவினரும் பார்ப்பது. இங்கே படித்த செவிலியரும் இதைத்தான் செய்கிறார், அது அவருடைய படிப்பிலேயே இருக்கிறது. மறுபுறம், நாம் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் கேனுலா (ரத்தநாளத்தில் செருகும் சிறு குழாய்) போடுவது, ரத்தம் எடுப்பது பல மருத்துவமனைகளில் டாக்டரின் வேலை. வென்டிலேட்டர் பார்த்த நெல்லைச்செவிலிக்கு முதல் மாதம் கண்ணீர் வரும். முதியோர் இல்லம் என்றால் இன்னும் அதிகமாக வரும். தீவிர சிகிச்சை அனுபவம் உள்ளவர் முதியோர் இல்லத்துக்கு ஏன் போக வேண்டும்? மருத்துவமனை ஒப்பந்தமே கேட்கலாம். ஏஜென்சிக்கு எங்கே கமிஷன் அதிகமோ அங்கே தள்ளுகிறார்கள்.

ஹம்நகர்

நான் யாழ்ப்பாணம். எண்பதுகளில் அகதியாக ஜெர்மனிக்கு வந்தவன், இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். நாங்கள் வந்த காலத்தில் வேலை செய்ய அனுமதி இல்லை. இளந்தாரிகளாக, கைகால் நன்றாக இருந்தும், முகாமில் கொடுத்த உணவுப் பொதியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தோம். வேலை செய்ய விடுங்கள் என்று கேட்டவர்களை விடாத அதே நாடு, இன்று டில்லிக்குப் போய் ஆள் கேட்கிறது. 2024 அக்டோபரில் அன்றைய ஜெர்மன் சான்சலர் ஷோல்ஸ் இந்தியா வந்தபோது, இந்தியத் திறனாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் தங்கச்சிக்கு நான் பயம் காட்டவில்லை. அறுபதுகளிலேயே கேரளத்துப் பெண் பிள்ளைகள் திருச்சபைகள் மூலம் இங்கே தாதிமாராக வந்தார்கள். தென்கொரியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பலர் இங்கேயே பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள்.

கிழக்குப் பகுதி என்று எழுதியிருக்கிறீர்கள். 2025 பெப்ரவரித் தேர்தலில் குடியேற்ற எதிர்ப்புக் கட்சியான ஏ.எஃப்.டி. நாடு முழுவதும் 20.8 வீதம் எடுத்து இரண்டாவதாக வந்தது. கிழக்கு மாநிலங்களில் அதுதான் முதலிடம். அங்கேயும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், என் மருமகள் அங்கேதான் வேலை செய்கிறாள். இருந்தாலும் சின்ன ஊரா, பக்கத்தில் தமிழரோ மலையாளிகளோ இருக்கிறார்களா, இரவுப் பணி முடிந்து வர பஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வந்தால் தமிழ் ஆட்களைக் காணலாம், ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை.

வாடகை வீட்டுக்கு மூன்று மாத முற்பணம் கேட்பார்கள். தொலைக்காட்சியே இல்லாவிட்டாலும் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். கடிதம் வந்தால் பிரிக்காமல் வைக்காதீர்கள், இந்த நாடு கடிதத்தில்தான் ஓடுகிறது.

ஒருதகப்பன்

என் மகளும் இதே படிப்பு. எனக்கு ஜெர்மனியும் தெரியாது, பி2வும் தெரியாது. மூன்று வருடம் போய்விட்டால் கல்யாணம் எப்போது? வருகிற வரன்கள் எல்லாம் 'பெண் வெளிநாட்டிலா, எங்கள் பையனுக்கு அங்கே வேலை வாங்கித் தருவீர்களா' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

ரைன்கரை

ஐயா, கணவரை அழைத்துக்கொள்ள வழி உண்டு. வருமானம் போதுமானதாக இருக்க வேண்டும். உதவியாளர் சம்பளத்தில் அது சிரமம். அங்கீகாரம் வந்துவிட்டால் சுலபம். திறனாளர் அனுமதியில் மூன்று ஆண்டு வேலை செய்து, மொழியும் ஓய்வூதியப் பங்களிப்பும் சரியாக இருந்தால் நிரந்தர வதிவிடமே கேட்கலாம். மற்றபடி, 'பையனுக்கு வேலை வாங்கித் தருவீர்களா' என்று கேட்கிற வரனை அங்கேயே அனுப்பிவிடுங்கள். மகள் பிழைத்துக்கொள்வாள்.

பழையஏஜென்ட்

அந்த 5,000 யூரோ பத்திரம் பற்றி யாரும் பேசவில்லையே. முதலாளி செலவு செய்து உங்களை அழைத்து, சில காலம் இருங்கள் என்று கேட்பதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. அப்போதும் நாள் ஆக ஆகத் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும், முதலாளி தவறினால் நீங்கள் கட்டத் தேவையில்லை என்றும் எழுதியிருக்க வேண்டும். இப்படி இல்லாத நிபந்தனைகளை ஜெர்மன் தொழிலாளர் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் செல்லாது என்றிருக்கின்றன. ஆனால் உங்கள் விஷயத்தில் செலவும் உங்களுடையது, அபராதமும் உங்களுடையது! இதில் கையெழுத்துப் போட ஒரு காரணம் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: 'ஃபேர் இன்டெக்ரேஷன்' என்று இலவச ஆலோசனை மையங்கள் ஜெர்மனி முழுக்க இருக்கின்றன. வெர்டி தொழிற்சங்கமும் இருக்கிறது. பயந்துகொண்டு கட்டிவிடாதீர்கள்.

அவசரம் காட்டுபவர்களிடம் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பிரிட்டன் 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசாவைத் திறந்தது. லட்சக்கணக்கில் கட்டிப் போனார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு அதை மூடிவிட்டார்கள். வகுப்புக்குக் கட்டியவர்களுக்கு யாரும் பணத்தைத் திருப்பித் தரவில்லை. பதிவு பெற்ற செவிலியருக்கு அங்கே இன்னும் வழி இருக்கிறது, மூடியது பராமரிப்பாளர் வாசல்தான். உங்கள் பதிவுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

நெல்லைச்செவிலி

எல்லோருக்கும் நன்றி. இன்று ஏஜென்சிக்குப் போய்ப் பதிவு எண் கேட்டேன். 'அதெல்லாம் வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குத்தான், ஜெர்மனிக்குத் தேவையில்லை' என்றார். ஒப்பந்த நகலைக் கேட்டேன். முன்பணம் கட்டினால்தான் காட்டுவாராம். எழுந்து வந்துவிட்டேன். அம்மாவுக்குத்தான் வருத்தம், பக்கத்து வீட்டுப் பெண் போய்விட்டாளே என்று.

போகும் எண்ணத்தை விடவில்லை. பணம் கட்டாமல் போகும் வழி என்ன?

ரைன்கரை

இரண்டு வழி. ஜெர்மன் மத்திய வேலைவாய்ப்பு முகமையும் ஜெர்மன் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான ஜி.ஐ.இசட். நிறுவனமும் சேர்ந்து நடத்தும் 'டிரிபிள் வின்' திட்டம். கேரளம் 2021 டிசம்பரில் வெளிநாட்டு மலையாளிகளுக்கான அரசு அமைப்பான நோர்க்கா மூலம் அதில் சேர்ந்தது, அங்கே வகுப்பு முதல் டிக்கெட் வரை இலவசம். நம் ஊருக்கு, 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அதன் இணையதளத்தில் பதிந்துவையுங்கள், ஜெர்மனிக்கான அறிவிப்புகள் வரும்போது பாருங்கள். மற்றொன்று, சொந்தச் செலவில் பி1 வரை படித்துவிட்டு நேரடியாக ஜெர்மன் மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிப்பது. வகுப்புச் செலவு மூன்றரை லட்சத்தில் ஒரு சிறு பகுதிதான் ஆகும், யாருக்கும் கட்டுப்படவும் வேண்டாம். பி1 கையில் இருந்தால் பேரம் உங்கள் பக்கம். ஒப்பந்தத்தில் உதவியாளர் காலம் எத்தனை மாதம், அங்கீகாரப் பயிற்சி எங்கே, அந்த நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்படுமா, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஜெர்மன்வாத்தியார்

வேலையை இப்போதே விட்டுவிடாதீர்கள். ஏ1, ஏ2 வரை மாலை வகுப்பில் ஓட்டலாம். பி1 தொடங்கும்போது பகல் பணி மட்டும் தரும் இடத்துக்கு மாறப் பாருங்கள்.

கோட்டைவாசல்

தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். பதிவுச் சரிபார்ப்புச் சான்று, கல்லூரியிலிருந்து பாடவாரியான மணிநேர விவரம், இப்போதைய மருத்துவமனையிலிருந்து அனுபவச் சான்று மூன்றுக்கும் இப்போதே விண்ணப்பம் போடுங்கள். மொழி படிப்பதைவிட இவற்றை வாங்குவதற்கு அதிகம் அலைய வேண்டியிருக்கும். தனியார் மருத்துவமனைகள் ஆள் போகிறாள் என்று தெரிந்தால் அனுபவச் சான்றை இழுத்தடிப்பார்கள், அதனால் ராஜினாமாவைப் பற்றி வாய் திறக்கும் முன் அதை வாங்கிவிடுங்கள். கொடுக்க மறுத்தால் இங்கே எழுதுங்கள், மதுரையில் சங்கத் தோழர்கள் இருக்கிறார்கள், கூட வருவார்கள்.